முளைக்காத விதை
எங்க வீட்டுப் பலாமரத்தில் ஆர்க்கிட் பூத்துக் காய்ச்சுது. காய் வெடிச்சதும் தூசி மாதிரி விதை. தொட்டியில் தூவி ஆறு மாசம் தண்ணி ஊத்தினேன். ஒண்ணுகூட முளைக்கலை!

அறிவியல் ஆசிரியர் காரணம் சொன்னார். சாமை விதைக்குள் முளைக்கத் தேவையான உணவு இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அது இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சைதான் அதற்கு உணவூட்டுகிறது.

1922-இல் அமெரிக்காவின் நட்சன், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர் கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்தார். கலப்பின ஆர்க்கிட் விதைகளையும் இப்படித்தான் முளைக்க வைக்கிறார்கள். வீட்டில் செய்பவர்கள் கூழ் பாட்டிலைக் குக்கரில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். விதையையும் சுத்தம் செய்யணும். இல்லைன்னா சர்க்கரையில் பூசணம் பிடிச்சிடும். முளைத்தாலும் பூக்கப் பல வருஷம் ஆகும்.

அதனால நம்ம கொல்லிமலை மரங்களில் இருக்கிற ஆர்க்கிட்டைப் பிடுங்காதீங்க. பார்த்து ரசிப்போம்!