தாடைக்குள் 526 பற்கள்

பல்லை உருவாக்கும் திசு தாறுமாறாக வளர்வதால் தாடையில் வரும் ஒரு கட்டி ஒடொன்டோமா. புற்றுநோயல்ல, வலியும் அநேகமாக இருக்காது. பால்பல் விழுந்து நாளாகியும் நிரந்தரப் பல் முளைக்காததே பலருக்கு முதல் அறிகுறி. எக்ஸ்ரேயில் வெள்ளைத் துணுக்குகளின் குவியலும் அதைச் சுற்றிக் கருப்பு விளிம்பும் தெரியும். கட்டி அப்படியொன்றும் அபூர்வமில்லை. அபூர்வம் அதன் அளவுதான். பெரும்பாலும் ஒரு சில குட்டிப் பற்களோடு நின்றுவிடும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு 2019-இல் வந்த 7 வயதுச் சிறுவனுக்கு அப்படி நிற்கவில்லை. வலது கீழ்த்தாடை வீக்கத்தைப் பெற்றோர் 3 வயதிலேயே கவனித்திருந்தனர். ஜூலையில் எலும்பை மேலிருந்து திறந்து, சுமார் 200 கிராம் எடையுள்ள பை போன்ற கட்டியை மருத்துவர்கள் எடுத்தனர். பக்கவாட்டில் உடைக்காததால் தாடையைச் சீரமைக்க வேண்டியிருக்கவில்லை. பைக்குள் 526 பற்கள்! எண்ணி முடிக்கவே பல மணி நேரமானது. 0.1 மில்லிமீட்டர் முதல் 15 மில்லிமீட்டர் வரை இருந்த அவற்றுக்குத் தலைப்பகுதி, வேர், எனாமல் எல்லாம் இருந்தன. 2014-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டவை 232.

நுண்ணோக்கியில், குட்டிப் பற்களாக உருவாகும் இவ்வகை ஒடொன்டோமா வியப்பளிக்கும்: டென்டின், பல்கூழ் எல்லாம் இயல்பான பல்லின் வரிசையிலேயே இருக்கும். எனாமல் இருந்த இடம் மட்டும் வெற்றிடம். நுண்ணோக்கிக்காகத் தயார்செய்யும்போது சுண்ணாம்பை நீக்கும் அமிலத்தில் எனாமல் கரைந்துவிடுகிறது. ‘சிக்கலான’ ஒடொன்டோமா என்ற இன்னொரு வகையில் இந்த ஒழுங்கு கிடையாது, எல்லாம் ஒரே கலவை. இரண்டுமே முழுதாக அகற்றினால் திரும்ப வருவது அரிது.