சுணக்கத்தை அளத்தல்: ஒரு கட்டளைவரிக் கருவியின் அமைப்பும் பயனும்

"இணையம் மெதுவாக உள்ளது" என்னும் கூற்று ஓர் அனுபவத்தை உணர்த்துகின்றதேயன்றி அதன் காரணத்தை உணர்த்துவதில்லை. 2021 ஆம் ஆண்டில், கொவிட் நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பசறையை அடுத்த லுணுகலைப் பகுதி மாணவர் இணையவழிப் பாடங்களுக்காக மலையுச்சி மரக்குடிலொன்றுக்கு ஏற நேர்ந்தது. அலை எட்டாமை கண்ணுக்குப் புலப்படும் குறை. அலை எட்டிய பின்னரும் நீடிக்கும் சுணக்கமோ புலப்படாதது; ஆதலின் அதன் பழி மாணவரின் அசிரத்தைமீது எளிதிற் சுமத்தப்படுகின்றது. அச்சுணக்கத்தைப் பகுத்துக் காட்டும் சிறு கருவியொன்றின் ஆக்கத்தை இங்கு நோக்குவோம்.

1983 டிசெம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ் 'பிங்' என்னும் நிரலை எழுதினார். சிறு பொதியொன்று சென்று மீளும் நேரத்தை அது அளக்கின்றது. ஆயின், அது காட்டுவது பாதையின் நேரமேயன்றிச் சேவையின் நேரமன்று. சேவையொன்றை நாடுகையில் நான்கு கட்டங்கள் நிகழ்கின்றன: பெயரை முகவரியாக மாற்றல், இணைப்பை ஏற்படுத்தல், மறைகுறியாக்க உடன்பாடு, வேண்டுகோளுக்கான விடையின் முதற் பைற்று வந்துசேரல். ஒவ்வொரு கட்டத்தின் முன்னும் பின்னும் கடிகாரத்தைப் படித்து, வித்தியாசத்தை மில்லிசெக்கனில் அச்சிடுவதே நமது கருவியின் பணி. பைதன் மொழியில் ஐம்பது வரிகளளவில் இதனை எழுதிவிடலாம்.

இரு விடயங்களிற் கவனம் வேண்டும். நாள்நேரம் காட்டும் கடிகாரம் இடையில் திருத்தப்படலாம். எனவே பின்னோக்கிச் செல்லாத கடிகாரத்தையே பயன்படுத்தல் வேண்டும். அடுத்து, சராசரி மயக்கந் தரும். பத்து வேண்டுகோள்களில் ஒன்பது 100 மில்லிசெக்கனும் ஒன்று 5100 மில்லிசெக்கனும் எடுப்பின் சராசரி 600. அந்த 600ஐ எவரும் அனுபவித்ததில்லை. இடையத்தையும் மிகக்கூடிய பெறுமானத்தையும் சேர்த்தே தருதல் தகும்.

முதற் கட்டம் நீளின் பெயர்ச் சேவையகத்தையும், இரண்டாவது நீளின் பாதையையும், நான்காவது மட்டும் நீளின் சேவையகத்தையும் ஆராய வேண்டும்.

ஒளியிழையில் 1000 கிலோமீற்றரைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 5 மில்லிசெக்கன் போதும். பதுளை–கொழும்பு இரயில்பாதையின் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். அத்தூரம் போய்வர 3 மில்லிசெக்கனே ஆகும். கைத்தொலைபேசி அலைத்தொடர்பு கூட்டும் சில பத்து மில்லிசெக்கன்களையும் கழித்துவிட்டால், எஞ்சும் சுணக்கத்தை மலையின்மீதோ தூரத்தின்மீதோ ஏற்றிக் கூறவியலாது. கோபுரங்களின் எண்ணிக்கை, அவற்றின் கொள்ளளவு, சேவையகத்தின் இருப்பிடம் ஆகியன முதலீட்டுத் தீர்மானங்கள். இலாபம் குன்றிய இடத்தில் அவை எத்திசையில் அமையுமென்பதைத் தோட்டப்புறத்தின் வரலாறு அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரே சேவையை, ஒரே மணிநேரத்தில், பசறை நகரிலிருந்தும் தோட்ட லயன்களிலிருந்தும் அளந்து, பெறுபேறுகளைத் திகதியுடன் பதிவுசெய்யின், தனியொருவரின் முறைப்பாடாக இருந்தது சமூகமொன்றின் கோரிக்கைக்குச் சான்றாக மாறும். கருவியின் பயன் இதுவே.