நாய்க்குட்டி வளரும் வீடு: கடியும் சங்கிலியும் சட்டமும்

நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள். நான்காம் மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு உறுத்துவதால் செருப்பு, நாற்காலிக் கால், குழந்தையின் விரல் எதையும் அது விட்டுவைக்காது. இது கெட்ட குணமல்ல. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி முதலில் உடன்பிறந்த குட்டிகளிடம் கற்கிறது. வலிக்கக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகும், விளையாட்டு நின்றுபோகும். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். குட்டியை வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றையும் தடுப்பூசி, குடற்புழு நீக்க விவரங்களையும் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

வலிக்கக் கடித்தால் விளையாட்டை நிறுத்தும் அதே முறைதான் வீட்டிலும் பலிக்கும். பல் அழுந்திய உடனே கையை வெடுக்கென்று இழுக்காமல் அசைவை நிறுத்தி, விளையாட்டை முடித்து, மெல்லுவதற்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டும். அப்பா அதட்டும் செயலுக்குத் தாத்தா சிரித்தபடி கையை நீட்டினால் குட்டி எதையும் கற்காது. வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி நடப்பது அவசியம். குட்டி நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டி அதிகமாகக் கடிக்கும் என்பதால், தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பிள்ளைகள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் வேலை. சின்னப் பிள்ளையையும் குட்டியையும் தனியே விட்டுவிட்டுப் போகவே கூடாது.

மாத வயதுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் குட்டியால் சிறுநீரை அடக்க முடியும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துப்போய், போன கையோடு தின்ன ஏதாவது கொடுத்தால் பழகிவிடும். அசிங்கம் செய்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. அதனால் குட்டி கற்பது, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிலுக்கடியில் போவதைத்தான்.

மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்த்ததையும் கேட்டதையும் குட்டி எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்த வாரங்களை மொட்டை மாடிச் சங்கிலியில் கழித்த நாய்தான் பிற்பாடு தபால்காரரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கண்டு மிரண்டு பாய்கிறது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல், தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தத்தையும் புது முகங்களையும் பழக்கலாம். குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாததும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றங்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இன்றைய நிலைக்கு இது வெட்கப்பட வேண்டிய தொகை. ஆனாலும் அண்டை வீட்டார் யாரும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். மறுபக்கம், வளர்க்கும் விலங்கால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வராமல் தடுக்கத் தவறும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

குட்டிதானே என்று கடியை அலட்சியப்படுத்துவது உயிரைப் பறிக்கும். வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அதற்கு முன்பே குட்டிக்கு நோய் தொற்றியிருக்கலாம். கடியோ நகக்கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். ரத்தம் கசிந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அறிகுறி தோன்றிய பிறகு இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்க்கவே கூடாதென்று தடை போட முடியாது. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. அத்தகைய விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல் தீர்ப்பளித்தது. இந்த உரிமையோடு கடமையும் உண்டு: வெளியே வாரோடு அழைத்துச் செல்வது, கழிவை அள்ளுவது, தடுப்பூசியை விடாமல் போடுவது. சென்னை போன்ற மாநகராட்சிகளில் உரிமமும் வாங்க வேண்டும்.

பல் முளைத்து முடிந்த பிறகும் உணவுத் தட்டருகே உறுமுவதும், தொட்டால் சீறுவதும் தொடர்ந்தால் அடிப்பது நிலைமையை மோசமாக்கும். காது வலி, மூட்டு வலி போன்றவையும் இப்படிச் சீற வைக்கும். அதனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பிற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் இதற்கான பரிசோதனைக்குப் போகலாம்.