மலை ஏறினால் புத்தகத்துக்கு ஆயுசு கூடும்

கிளென்மார்கனில் இருந்து சிங்காராவுக்கு மலையின் விலாவை ஒட்டி ஒரு தண்டவாளம் செங்குத்தாக இறங்குகிறது. பைக்காரா நீர்மின் திட்டத்துக்காகப் போட்ட விஞ்ச் பாதை அது. மேலே தேயிலைத் தோட்டமும் மஞ்சுமூட்டமும். கீழே, 1932இல் ஓடத் தொடங்கிய மின்நிலையம். ராட்சதக் குழாய்களில் தண்ணீர் இந்தச் சரிவில் 900 மீட்டருக்கும் மேல் விழுந்துதான் சுழலிகளைச் சுற்றுகிறது. மின்சாரம் தரும் இந்த உயரத்துக்கு, யாரும் கவனிக்காத இன்னொரு வேலையும் உண்டு. பழைய புத்தகங்களின் ஆயுளை அது நீட்டுகிறது.

ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிரும். அப்படியானால் சிங்காராவைவிடக் கிளென்மார்கன் சுமார் ஆறு டிகிரி குளிர்ச்சி. அறையின் சூடு ஐந்து டிகிரி கூடினால் பழைய தாள் மட்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது நூலகப் பாதுகாப்பாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. ஒரே நாளில் கட்டி முடித்த இரண்டு பிரதிகளில் ஒன்றைக் கிளென்மார்கனிலும் மற்றொன்றைச் சிங்காராவிலும் வைத்தால், கீழே உள்ளது இரண்டு மடங்கு வேகத்தில் கிழடாகும். சென்னைக்கும் ஊட்டிக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் வித்தியாசம் ஆறேழு மடங்குக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கு ஒரு வகைப் புத்தகத்துக்கு மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். பெண்கள் விடுதிப் பள்ளிக் கதைகளைச் சொல்கிறேன். மலிவான தாளில் அச்சாகி, சிறுமிகளின் கையில் பிய்ந்து, ‘இதெல்லாம் இலக்கியமா’ என்று பெரியவர்களால் ஒதுக்கப்பட்டு, பெரிய நூலகங்களுக்கு வெளியே வாழ்ந்தவை அவை. நீலகிரிக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. லவ்டேலின் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது. ஹெப்ரான் 1899இல் குன்னூரில் பெண்கள் பள்ளியாகத் தொடங்கிப் பிறகு ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து பிள்ளைகளை மலைக்கு அனுப்பிய காலம் கட்டிய பள்ளிகள் இவை. அந்தக் கதைகளில் ஒரு நீண்ட வரிசையும் இதே போன்ற பயத்தில்தான் தொடங்குகிறது.

எலினார் பிரென்ட்-டையர் என்ற இங்கிலாந்து ஆசிரியை 1925இல் ‘தி ஸ்கூல் அட் தி ஷாலே’ என்ற நாவலை வெளியிட்டார். தங்கை ஜோவின் உடம்புக்கு மலைக்காற்று வேண்டும் என்பதற்காக ஆஸ்திரியாவின் டிரோல் மலையில், ஓர் ஏரிக்கரையில், மேட்ஜ் பெட்டனி என்ற இளம்பெண் பள்ளி தொடங்குகிறாள். மேட்ஜின் இரட்டைச் சகோதரன் டிக்குக்கு எங்கே வேலை தெரியுமா? இந்தியாவில், வனத்துறையில். பள்ளிக்குப் பக்கத்திலேயே பின்னால் காசநோய் மருத்துவமனை ஒன்றும் எழும்புகிறது. இந்த ஷாலே வரிசை 1970 வரை, ஏறக்குறைய அறுபது நூல்களாக நீண்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு இனிட் பிளைட்டனின் ‘மேலரி டவர்ஸ்’ இன்னும் பழக்கமாக இருக்கும். 1946 முதல் 1951 வரை ஆறு நூல்கள்.

பிளைட்டன் கடைகளை விட்டுப் போனதே இல்லை. பிரென்ட்-டையர் போனார். அவரைத் திரும்பக் கொண்டுவந்தது பெரிய நிறுவனம் இல்லை; ‘கேர்ல்ஸ் கான் பை’ என்ற சிறிய இங்கிலாந்துப் பதிப்பகம். கிளாரிசா கிரிட்லேண்ட், ஆன் மெக்கி-ஹன்டர் என்ற இரண்டு வாசகிகள் தொடங்கியது. சிறுமிகளாக இருந்தபோது படித்ததை ஐம்பது, அறுபது வயதிலும் தேடுகிற ஒரு வாசகர் கூட்டத்துக்காக, ஒரு சொல் குறையாமல், முதல் பதிப்பில் இருந்தபடியே அச்சிடுவது அவர்களுடைய வேலை. மறுபதிப்பு என்றால் பழைய புத்தகத்தை நகலெடுப்பதுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் புத்தகம் எந்த நிலையில் கைக்கு வருகிறது என்று பாருங்கள்.

தாளின் உடம்பு செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. சோற்றிலும் இருப்பது அதே குளுக்கோஸ்தான். இணையும் விதம் மட்டும் வேறு, அதனால்தான் சோறு நமக்குச் செரிக்கிறது, தாள் செரிப்பதில்லை. கந்தைத் துணியைக் கூழாக்கித் தாள் செய்த காலத்தில் இந்தச் சங்கிலிகள் நீளமாக இருந்தன. அந்தப் புத்தகங்கள் நானூறு ஆண்டு தாண்டியும் வளைந்து கொடுக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. மை பரவாமல் இருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையை 1807இல் ஜெர்மானியர் இல்லிக் வெளியிட்டார். மரத்தையே அரைத்துக் கூழாக்கும் முறையை 1840களில் கெல்லர் கண்டுபிடித்தார். புத்தகம் மலிவானது, ஏழைச் சிறுமியின் கைக்கும் எட்டியது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஆனால் படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலம் தருகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை இடையிடையே வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு செலவாகும். சிதைவில் அசிட்டிக், ஃபார்மிக் போன்ற புது அமிலங்களும் பிறந்து, அடுத்த வெட்டை வேகப்படுத்துகின்றன. தாள் தன்னைத் தானே தின்று வேகம் எடுக்கிறது. சங்கிலியின் சராசரி நீளம் 300 குளுக்கோசுக்குக் கீழே போனால், பக்கத்தைப் புரட்டினாலே மூலை கையோடு வந்துவிடும். மரக்கூழில் மிஞ்சிய லிக்னின் வெளிச்சத்தாலும் ஆக்சிஜனாலும் பழுப்பேறுகிறது. பழைய புத்தகக் கடையில் மூக்கில் ஏறும் அந்த இனிய வாசனையில் வெனிலாவின் சாயல் இருக்கும். லிக்னின் உடையும்போது வருகிற வெனிலின் அது. அந்த வாசனையைக் கருவியில் பிரித்துப் படித்தால், தாளைத் தொடாமலே அதன் உடல்நிலையைச் சொல்லலாம் என்று 2009இல் லண்டனில் மத்தியா ஸ்ட்ர்லிச்சின் குழு காட்டியது.

1950களில் அமெரிக்காவின் வில்லியம் பாரோ, 1900க்கும் 1949க்கும் இடையில் அச்சான ஐந்நூறு புத்தகங்களின் தாளைச் சோதித்தார். மிகப் பெரும்பாலானவை அடுத்த ஐம்பது ஆண்டுகூடத் தாங்காது என்பது அவர் முடிவு. விடுதிப் பள்ளிக் கதைகளின் பொற்காலமும் ஏறக்குறைய அந்த ஐம்பது ஆண்டுகள்தான். நடுவில் உலகப் போர் வேறு. பிரிட்டனில் பதிப்பகங்களுக்குக் கிடைத்த தாள், போருக்கு முந்தைய அளவில் பாதிக்கும் கீழே சுருங்கியது. 1940 டிசம்பர் 29 இரவு, லண்டனில் புத்தகக் கடைகள் நிறைந்த பேட்டர்நோஸ்டர் ரோ மீது விழுந்த குண்டுகளில் மட்டும் ஐம்பது லட்சம் புத்தகங்கள் எரிந்தன. அதே ஆண்டில்தான் பிரென்ட்-டையரின் ‘தி ஷாலே ஸ்கூல் இன் எக்ஸைல்’ வந்தது. அதில் யூத நகைக்கடைக்காரர் ஒருவரைக் கும்பல் தாக்கும்போது பள்ளிப் பெண்கள் குறுக்கே நிற்கிறார்கள். நாஜிகளிடமிருந்து மலை வழியே தப்பி ஓடுகிறார்கள். போர் நடக்கும்போதே சிறுமிகளுக்காக அச்சான இந்தக் கதையைச் சாதாரணப் பொழுதுபோக்கு என்று யார் ஒதுக்கினாலும் நான் ஏற்க மாட்டேன்.

அப்படிப்பட்ட புத்தகத்தை மலைக்கு ஏற்றிவிட்டால் பிழைத்துவிடுமா? கிளென்மார்கன் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அங்கே குளிர் காப்பாற்றுகிறது, ஈரம் கெடுக்கிறது. காற்றின் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். தோல் அட்டையில் பச்சை படியும், பக்கங்களில் செம்புள்ளி விழும், பூசணத்தை மேய நுண்ணிய பேன்பூச்சிகள் வரும். மலைவீடுகளில் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரிய விடுவார்கள். அதன் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது. பதினைந்து டிகிரியில் 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை இருபது டிகிரிக்குச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் நீராவி ஒரு துளியும் குறையாது; ஆனால் சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் ஈரப்பதம் 62க்கு இறங்கிவிடும். பூசணம் நின்றுவிடும். ஆனால் அந்த ஐந்து டிகிரி, அமிலத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கும் அதே ஐந்து டிகிரி. ஈரம் குறைவதால் கொஞ்சம் ஈடாகும், முழுக்க ஆகாது. தஞ்சை சரஸ்வதி மகாலில் வைக்கும் வசம்பு, கிராம்புப் பொட்டலம் பூச்சியை விரட்டும்; அமிலத்துக்கு அது மருந்தில்லை. பழைய தாளுக்கு எந்த வைத்தியமும் காலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கதையை வேறு உடம்புக்கு மாற்றியாக வேண்டும்.

மாற்றும்போது எதை மாற்றுவது? இங்கேதான் மறுபதிப்பாளரின் தலைவலி தொடங்குகிறது. ஷாலே கதைகளை 1967 முதல் ஆர்மடா என்ற மலிவு பேப்பர்பேக் வரிசை வெளியிட்டது. பக்கத்தைக் குறைக்கப் பல நூல்களில் பத்தி பத்தியாக, சிலவற்றில் அத்தியாயக் கணக்கில் வெட்டினார்கள். எழுபதுகளில் படித்த சிறுமிக்குத் தான் படித்தது முழுக்கதை இல்லை என்பதே தெரியாது. உலகில் அதிகம் மிஞ்சியிருப்பதும் அந்த வெட்டுப்பட்ட பதிப்புதான். முழு உரை இருப்பது அரிதான பழைய கெட்டி அட்டைப் பிரதிகளில். அவைதான் இன்று கையில் நொறுங்குகின்றன.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் கலையில் வானியலுக்குப் பங்கு உண்டு என்பதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வானத்தின் ஒரே பகுதியை இரண்டு இரவுகளில் படமெடுத்து, மாறி மாறிக் கண்முன் காட்டினால், அசையாத நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், நகர்ந்த புள்ளி மட்டும் துள்ளும். 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைப் பிடித்தது இப்படி. சார்ல்டன் ஹின்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1940களில் இதே தந்திரத்தைக் கண்ணாடிகளும் விளக்குகளும் கொண்ட ஒரு பெரிய கருவியாகக் கட்டி, ஷேக்ஸ்பியரின் 1623 முதல் தொகுப்பின் பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். எந்த எழுத்து மாறியிருந்தாலும் அது கண்ணில் சிமிட்டும். ஒரே அச்சுக்கோப்பில் வந்த பிரதிகளுக்குத்தான் இந்தக் கருவி. எழுத்தைப் புதிதாகக் கோத்த ஆர்மடா போன்ற பதிப்புக்குச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும். இன்று கணினி அதைச் செய்கிறது. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் பார்த்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. கண்ணாலேயே செய்த வேலை அது.

நொறுங்கும் புத்தகத்தைத் தட்டையாக அமுக்கி ஸ்கேன் செய்தால் முதுகு உடைந்துவிடும். அரைகுறையாகத் திறந்து, தொட்டிலில் சாய்த்து, மேலிருந்து கேமராவால் எடுக்கிறார்கள். பிறகு மென்பொருள் எழுத்துகளை அடையாளம் காணும். ஆங்கிலத்தில் ‘r’, ‘n’ இரண்டும் ஒட்டி நின்றால் அதற்கு ‘m’ ஆகத் தெரியும். தமிழில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘ணா’ வடிவங்களில் தடுமாறும். ஆகவே கடைசியில் ஒரு மனிதக் கண் முழுப் புத்தகத்தையும் மெய்ப்பு பார்த்தே தீர வேண்டும். தாளும் இம்முறை வேறு. நிலைத்தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 தரம் அமிலத்தை விலக்குகிறது. குறைந்தது இரண்டு சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம் தாளில் இருக்க வேண்டும் என்கிறது. காற்றிலிருந்து வரும் அமிலத்தை அது பல தலைமுறைக்குச் சமன் செய்துகொண்டே இருக்கும்.

பணக் கணக்கு சுருக்கமானது. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு எந்திரத்தைத் தயார் செய்யும் செலவு, நூறு பிரதிக்கும் பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். அதனால் சிறிய மறுபதிப்பு முன்பு கட்டுப்படியாகவில்லை. டிஜிட்டல் அச்சும், முன்பணம் கட்டிக் காத்திருக்கும் வாசகர்களும் சேர்ந்துதான் அதைச் சாத்தியமாக்கின. நமக்கு இது புதிதில்லை. சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸ் சந்தாவையும் முன்பதிவையும் நம்பித்தான் 1970களின், 80களின் கதைகளை இன்று மறுபதிப்பாகத் தருகிறது. இரும்புக்கை மாயாவியைத் தேடும் ஐம்பது வயதுக்காரரும் ஜோ பெட்டனியைத் தேடும் அறுபது வயதுக்காரியும் ஒரே இனம்.

சட்டமும் நடுவில் வரும். பிரென்ட்-டையர் 1969இல் இறந்தார். பிரிட்டனில் ஆசிரியர் இறந்த பின் எழுபது ஆண்டு காப்புரிமை என்பதால் 2039 முடிய அவர் நூல்களை அனுமதியின்றி அச்சிட முடியாது. இந்தியாவில் அறுபது ஆண்டு. 2029 முடியும்போது இங்கே அவர் பொதுவுடைமை. 1968இல் இறந்த பிளைட்டன் அதற்கு ஓராண்டு முன்பே. அன்றைக்கு ஊட்டியிலோ சென்னையிலோ யாராவது முழுப் பதிப்பு போட நினைத்தால், மூலப் பிரதி யாரிடம் இருக்கும்?

நூலகங்களிடம் எல்லாமே இருக்காது. பிரிட்டனின் பெரிய வைப்பு நூலகங்கள்கூட நெடுங்காலம் மேலட்டைக் காகிதத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் புத்தகத்தை அடுக்கின. நினா பிரிஸ்லி ஷாலே கதைகளுக்கு வரைந்த மேலட்டை ஓவியங்களுக்குத் தனியார் சேகரிப்பாளர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, நாவல், பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம் என்று யாரும் மதிக்காததையெல்லாம் சேர்த்து வைத்ததால்தான், 1992இல் அவர் மறைந்த பின் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. ஆகவே தோட்டத்து பங்களா அலமாரியிலோ பாட்டி வீட்டுப் பரணிலோ பழைய பள்ளிக்கூடக் கதை ஒன்று கிடைத்தால், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகும், திரும்ப எடுக்க முடியாது. மேலட்டையைக் கழற்றாதீர்கள். வெளிச்சுவரை ஒட்டாமல், காற்று புழங்கும் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். வெயில் வேண்டாம். முதலில் பதிப்பாண்டுப் பக்கத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்தப் பதிப்பு என்பதை மறுபதிப்பாளர் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.