தட்டம்மையும் இரண்டாம் ஊசியும்

நம்மவர் தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் வழங்கும் நோயை ஐரோலியில் அண்டை வீட்டு மராட்டியத் தாய்மார் ‘கோவர்’ என்பர். சுகாதார நிலையச் சுவரில் அச்சொல்லைக் கண்டால், நம் வீட்டுக் குழந்தைக்குரிய செய்தியே அங்கு எழுதப்பட்டிருக்கிறது என்று நேயர்கள் அறிதல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நோய் மும்பையின் கோவண்டிப் பகுதியில் பரவிக் குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது. பிவண்டியிலும் மாலேகாவிலும் தலைகாட்டிற்று. கோவண்டி நமக்குத் தொலைவன்று. வாஷியில் ரயில் மாறினால் போதும். இறந்த குழந்தைகள் பெரும்பாலும் ஒரு தடுப்பூசியும் பெறாதவர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த நவம்பரில் தெரிவித்தது.

நோயாளி வெளியேறிய அறையின் காற்றிலும் இக்கிருமி இரண்டு மணி நேரம் வரை உயிரோடிருக்கும். காப்பற்றவர்களிடையே ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை நோயைப் பெறக்கூடும். வாசலில் வேப்பிலை செருகி வந்துபோவோரை விலக்கிய நம் முன்னோர் வழக்கத்தை நாம் எள்ளுவதற்கில்லை. நோயாளியைத் தனித்து வைக்க அது உதவியது. ஆனால் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை வாசலுக்கு வருமுன் நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது!

ஒன்பதாம் மாதத்தில் இடும் முதல் ஊசி, பெற்றவர்களில் 100-க்கு 85 பேரையே காக்கிறது. ஒரு குடியிருப்பில் 100 குழந்தைகளுள் 90 பேர் அதனைப் பெற்றனர் என்று கொள்வோம். கேட்பதற்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆயினும் காப்புப் பெற்றோர் 76 பேரே. எஞ்சிய 24 பேர் நோய்க்கு எளிய இரை. 16 முதல் 24 மாதங்களுக்குள் இடும் இரண்டாம் ஊசி இக்குறையை நிரப்புகிறது. 100-க்கு 95 குழந்தைகளேனும் இரு ஊசிகளையும் பெற்றிருந்தால்தான் நோய் பரவ வழியின்றிப் போகும்.

நம் குடும்பங்களில் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் ஊசியே. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்கிறது. முதல் ஊசி திருநெல்வேலியில் முடிகிறது. பின்பு குழந்தை ஐரோலிக்கு வந்துவிடுகிறது. ஊசி அட்டையோ பாட்டியின் பெட்டியில் தங்கிவிடுகிறது. அட்டை வரட்டும் என்று காத்திருப்பதில் மாதங்கள் கழிகின்றன.

காத்திருக்கத் தேவையே இல்லை. அரசு மையங்களில் இவ்வூசி இலவசம். தமிழ்நாட்டில் தொடங்கியதை இங்கே தொடரலாம். காலம் தவறிய குழந்தைக்கும் ஐந்து வயது நிறையும்வரை, இரு ஊசிகளுக்கிடையே ஒரு மாதமேனும் விட்டுப் போடுவர். அட்டை தொலைந்து, ஊசி போட்டோமா இல்லையா என்ற ஐயம் எழுந்தால், போடாததாகவே கொள்ளலாம். ஒன்று கூடுதலாகப் போவதால் குழந்தைக்குத் தீங்கில்லை.