கூட்ஸ் எஞ்சின் கதை – 17: சவுக்கு விறகும் பக்கிங்ஹாம் பிரபுவும்

சென்ற வாரம் சக்கரக் கணக்கு சொன்னேன். மீட்டர் கேஜில் பிரயாணிகளை இழுத்த ஒய்.பி. எஞ்சினுக்கு இயக்குசக்கரம் நாலரை அடி, சரக்கு இழுத்த ஒய்.ஜி. எஞ்சினுக்கு நாலடி, சக்கரம் சிறுத்தால் வேகம் குறையும், இழுவை கூடும். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த வாரம் ஒய்.ஜி. எஞ்சினையே முழுதாக எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அந்த எஞ்சினின் சரித்திரத்தை அதன் மூதாதையரிடமிருந்து தொடங்குவதுதான் முறை என்று நினைத்து, சென்னையிலிருந்து செங்கற்பட்டு வழியாகத் தெற்கே போன பாதையில் முதன்முதலில் ஓடிய எஞ்சின்கள் எதை எரித்து ஓடின என்ற சாதாரணமான கேள்வியில் கைவைத்தவன், அந்தக் கேள்வி இழுத்துக்கொண்டு போன வழியிலேயே போய், திருக்கழுக்குன்றம் சாலையைத் தாண்டி, மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புக்கு நடுவே வந்து நிற்கிறேன். பத்திரிகை அச்சேறும் நாள் நெருங்கிவிட்டது, ஒய்.ஜி. காத்திருக்கட்டும்.

நீராவி எஞ்சின் என்றதும் நிலக்கரிதான் நம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் சென்னை ராஜதானியில் இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் நிலக்கரி என்பது வங்காளத்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலேறி வரவேண்டிய பண்டம். 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் முதல் வண்டி புறப்பட்டபோது, சென்னைக்கு முறையான துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கையெல்லாம் மசூலாப் படகுகளில் இறக்கி, அலைக்கு மேல் அலையாகத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். துறைமுக வேலை 1876-இல்தான் ஆரம்பமாயிற்று. அதையும் 1881-ஆம் வருஷத்துப் புயல் உடைத்துப் போட்டது. இப்படிப்பட்ட கரையில், கூடை கூடையாக இறக்கிய கரியைக் கொண்டு இரயில் நடத்தினால் கம்பெனிக்கு என்ன மிஞ்சும்? ஆகவே மெட்ராஸ் ரெயில்வேயும், 1874-இல் கிரேட் சதர்ன் ஆப் இந்தியா கம்பெனியும் கர்நாடிக் கம்பெனியும் ஒன்றுசேர்ந்து உண்டான சவுத் இந்தியன் ரெயில்வேயும் கையெட்டும் தூரத்திலிருந்த விறகையே நம்பின.

அமெரிக்காவிலும் தொடக்கத்தில் விறகுதான். பழைய அமெரிக்க எஞ்சின் படங்களில் புகைபோக்கி மேலே பருத்து விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கன்று, விறகுத் தீயிலிருந்து பறக்கும் பொறிகளை உள்ளேயே சுழற்றி அடக்குவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அங்கே பாதையின் இருபுறமும் காடு. வெட்டினாலும் குறையாது என்று அவர்கள் நம்பிய காடு. அந்த தேசத்து லீஹை வாலி கம்பெனிக்காக 1866-இல் எட்டுச் சக்கரங்களை இணைத்துக் கட்டிய ‘கன்ஸாலிடேஷன்’ எஞ்சின் பிற்காலத்துக் கூட்ஸ் எஞ்சின்களுக்கெல்லாம் முன்மாதிரி என்பதை நான்காவது அத்தியாயத்திலேயே சொல்லியாயிற்று; அது பென்சில்வேனியாவின் கரிச் சுரங்கங்களுக்கு நடுவே பிறந்தது. நம்முடைய செங்கற்பட்டு ஜில்லாவிலோ சுரங்கமுமில்லை, அவ்விதமான காடுமில்லை; ஏரியும் வயலும் புதர் மண்டிய குன்றுகளுந்தான்.

விறகினால் வண்டி ஓட்டுவதிலுள்ள சங்கடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு டன் நல்ல நிலக்கரி தரும் உஷ்ணத்தைப் பெற ஏறத்தாழ இரண்டு டன் காய்ந்த விறகு வேண்டும். எடையில் இரட்டிப்பு என்றால் இடத்தில் அதற்கும் மேலே, ஏனென்றால் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே காற்றுத்தான் நிற்கும். டெண்டரில் ஏற்றியது சீக்கிரமே தீர்ந்துவிடும். வழியில் டிப்போக்கள் வேண்டும், அடுக்கிவைக்க ஆள் வேண்டும், மழை பெய்தால் நனையாமல் காக்க வேண்டும். பாரமில்லாத வண்டிக்கு இது ஒரு தொல்லை மட்டுமே. கூட்ஸ் எஞ்சினுக்கு இது ஜீவாதாரமான பிரச்சினை, ஏனென்றால் நீண்ட நேரம், இடைவிடாத ஆவியைக் கேட்பது அதுதான். போதாக்குறைக்குப் பொறி வேறு: பஞ்சுப் பொதியும் வைக்கோலும் ஏற்றிய வண்டிக்கு முன்னால் விறகெரிக்கும் எஞ்சினைப் பூட்டுவதில் உள்ள அபாயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னை ராஜதானியில் வனப் பாதுகாவலர் என்ற உத்தியோகம் 1856-இல்தான் உண்டாயிற்று. முதல் இரயில் ஓடிய அதே வருஷம். அதில் அமர்ந்த ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர், தென்னிந்தியக் காடுகளைப் பற்றி 1861-இல் வெளியிட்ட புஸ்தகத்தில், தண்டவாளத்துக்கடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைக்கும் எஞ்சினுக்கு விறகுக்குமாக இரயில்வே காடுகளின்மேல் சுமத்திய பாரத்தைக் கவலையுடன் பேசுகிறார். தோப்பிலுள்ள மரங்களும் ஏரிக்கரை வேலங்களும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? புதிதாக வளர்க்க வேண்டும். சீக்கிரம் வளர வேண்டும். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் ஆகாத நிலத்தில் வளர வேண்டும். இந்த மூன்று நிபந்தனைக்கும் பொருந்திய விருட்சமாக வந்து சேர்ந்ததே சவுக்கு.

இந்த வாரம் முழுவதும் என் மனத்தை விட்டு நீங்காத விஷயம் இதுதான். கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோரமாகப் போகிறவர்கள், காற்றில் இரைகிற அந்தச் சவுக்குத் தோப்புகளைப் பல்லவர் காலத்திலிருந்தே நின்றுகொண்டிருப்பவைபோல் எண்ணிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் சவுக்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கடற்கரையைச் சேர்ந்த மரம். செங்கற்பட்டு ஜில்லாவின் கரையில் அது 1860-களில் பயிராகத் தொடங்கியதே இரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்ற காரணத்தால்தான். அர்ஜுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நின்று சிற்பத்தின் தொன்மையை வியக்கிற யாத்திரிகருக்குப் பின்னால், எஞ்சினைவிடப் பழமையில்லாத ஒரு வனம் நிற்கிறது.

அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் புத்தியை மெச்சத்தான் வேண்டும். சவுக்கின் வேரில் முண்டு முண்டாக இருக்கும் முடிச்சுகளில் ஒருவகை நுண்ணுயிர் குடியிருந்துகொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. அதனால் வெறும் மணலும் அதற்கு விளைநிலம். உப்புக் காற்று அதை ஒன்றும் செய்வதில்லை. கடலோர மணலில் தண்ணீர் ஆழத்தில் இல்லாததால், சிறு ஊற்றுக்குழி தோண்டி, குடத்தில் மொண்டு நாற்றுக்கு ஊற்றிவிட முடிகிறது; வேர் ஈரத்தைத் தொட்டுவிட்ட பிறகு மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. சில வருஷங்களிலேயே வெட்டுக்கு வந்துவிடும். கட்டை கெட்டியானது, கனமானது; வெட்டிய ஈரம் முழுதும் உலராதபோதே பற்றி எரியும்; சாம்பலும் குறைவு. உலகத்து விறகுகளிலெல்லாம் இதற்கு முதலிடம் கொடுக்கிற வனசாஸ்திரிகள் இருக்கிறார்கள். சர்க்கார் வைத்ததைப் பார்த்துக் குடியானவர்களும் வைத்தார்கள். சும்மா கிடந்த மணல்மேடுகளுக்கெல்லாம் விலை வந்தது.

விளைந்த விறகு சென்னைக்குப் போக வேண்டுமே. மாமல்லபுரத்துக்கு அன்றும் இரயில் இல்லை, இன்றும் இல்லை. கடற்கரையோரமாகப் பாதை போடும் திட்டம் ஒன்று வருஷக்கணக்காகப் பேச்சிலேயே இருக்கிறது. இருந்தது கால்வாய். கடலுக்கு இணையாக, ஊருக்கு மேற்கே, உப்பங்கழிகளை இணைத்துக்கொண்டு தெற்கே மரக்காணம் வரையில் போகிறதே, அந்தப் பக்கிங்ஹாம் கால்வாய். அதில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றித் தள்ளியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும், காற்று வாய்த்தால் பாய் விரித்தும் கொண்டுபோனார்கள். வடக்கேயிருந்தும் அப்படியே: இன்றைக்கு ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா அன்றைக்குச் சென்னையின் அடுப்புகளுக்கு இதே கால்வாயில் விறகு அனுப்பிக்கொண்டிருந்த காடு.

கால்வாய்க்குப் பெயர் கொடுத்த பிரபுவைப் பற்றி இங்கே ஒரு பாராவாவது எழுதாவிட்டால் இந்தத் தொடரை நான் எழுதுவதில் அர்த்தமில்லை. மூன்றாவது பக்கிங்ஹாம் பிரபு 1875 முதல் 1880 வரையில் சென்னைக் கவர்னர். 1876-இல் ஆரம்பித்த தாது வருஷத்துப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தபோது கோட்டையில் இருந்தவர் அவரே. பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதியை வெட்டியதும் அப்போதுதான். இதெல்லாம் பள்ளிப் பாடம். பாடத்தில் இல்லாதது என்னவென்றால், அந்த மனிதர் இரயில்வேக்காரர்! தகப்பனார் பட்ட கடனால் அரண்மனைச் சாமான்கள் 1848-இல் ஏலம் போனதைப் பார்த்த அவர், இங்கிலாந்தின் மாபெரும் இரயில்வேக்களில் ஒன்றான லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் கம்பெனிக்கு 1853 முதல் 1861 வரையில் தலைவராக உட்கார்ந்து நிர்வாகம் பண்ணியவர். அதோடு நிற்கவில்லை. 1871-இல் தம்முடைய சொந்த நிலத்தில், சொந்தச் செலவில், சரக்குக்காகவென்றே ஓர் இரயில் பாதை போட்டார். பாலும் செங்கல்லும் கரியும் எருவும் போக வேண்டியது. பிரயாணிகளை ஏற்றியது பிறகு வந்த யோசனை.

முதலில் குதிரை இழுத்தது. 1872-இல் எஞ்சின் வாங்கினார், எப்படிப்பட்ட எஞ்சின்! ஏவ்லிங் அண்டு போர்ட்டர் கம்பெனியார் சாலையில் ஓடுவதற்காகச் செய்துவந்த யந்திரத்தைத் தண்டவாளத்தின்மேல் தூக்கி வைத்ததுபோன்ற ஓர் உருவம்: ஒரே ஒரு சிலிண்டர், பக்கத்தில் பெரிய சுழல்சக்கரம், சக்கரங்களைச் சுற்ற வைப்பது சங்கிலி. எடை பத்து டன்னுக்கும் சற்றுக் குறைவு. ஆறு மைல் பாதையைக் கடக்க அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நம் ஊர் வில்வண்டி போட்டியிட்டால் ஜயித்திருக்கும். ஆனால் அது இழுத்தது, வேலை நடந்தது. பிரபு காலமான பின் அந்தப் பாதை பல கை மாறி, கடைசியில் லண்டன் நகரத்துப் பாதாள இரயில் ஸ்தாபனத்தின் நிர்வாகத்துக்கு வந்து, 1935-இல் மூடப்பட்டது. சங்கிலி எஞ்சின்களில் ஒன்றை இன்றும் அந்த நாட்டார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கூட்ஸ் எஞ்சினுக்குச் சொந்தக்காரராயிருந்த ஒருவர் பெயரை நாம் படகுப் பாதைக்கு வைத்தோம். அந்தப் படகுகள் ஏற்றிச் சென்ற விறகோ எஞ்சினுக்காக நட்ட மரத்தின் விறகு. சரித்திரம் இதைவிடச் சுற்றி வளைத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் கவர்னராயிருந்த அதே காலத்தில்தான் சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் போகும் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி போட்டிருந்த மூன்றரை அடி அகலத்து இலேசான பாதையையும் பின்னால் மீட்டர் கேஜாக மாற்றிச் செங்கற்பட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொளவாய் ஏரிக்கரையிலுள்ள ஸ்டேஷன் ஜங்ஷன் ஆனது இவ்வாறே.

விறகின் ஆதிக்கம் என்றென்றைக்கும் நீடிக்கவில்லை. நிஜாம் சீமையில் சிங்கரேணிக் கரி 1880-களின் கடைசியில் வெளிவரத் தொடங்கியது, வங்காளக் கரியும் மலிந்தது, எஞ்சின்கள் பெருத்தன, பெருத்த எஞ்சினின் பசிக்கு விறகு கட்டுப்படியாகவில்லை. ஆனால் எஞ்சினை விட்டு விறகு அடியோடு விலகியது என்று சொல்லிவிட முடியாது. செங்கற்பட்டில் எனக்குப் பழக்கமான, ஃபயர்மேனாக ஒய்.ஜி.யில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம், “நீங்கள் விறகு எரித்ததுண்டா ஐயா?” என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். “கரிய நேரா பத்த வைக்க முடியுமா தம்பி? அடியில விறக அடுக்கி, எண்ணெயில நனைச்ச காட்டன் வேஸ்ட்டக் கொளுத்தி உள்ள போடணும். அது நல்லாப் புடிச்ச பிறகுதான் கரி. விடியக்காலம் வண்டின்னா ராத்திரியே ஷெட்டுல உக்காரணும்” என்றார். குளிர்ந்து கிடக்கும் பாயிலரை ஆவி கட்டும் நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரமாகும். அவசரப்படுத்தினால் தகடுகள் ஒழுங்கில்லாமல் விரிந்து கசியும்.

எஞ்சினுக்கு வேண்டாமற்போன சவுக்கு அழிந்துபோகவில்லை. சென்னையின் சமையலறைகளும் பேக்கரிகளும் அதை எரித்தன. கலியாணப் பந்தலுக்குக் கால், கட்டடத்துக்குச் சாரம், இன்று காகித ஆலைக்குக் கூழ் என்று அதற்கு வாழ்வு கிடைத்துக்கொண்டேயிருக்கிறது. எஞ்சினுக்குத்தான் அந்த வாழ்வு இல்லை. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972 பிப்ரவரியில் கட்டி முடித்த ஒய்.ஜி. எஞ்சினோடு இந்தியாவில் பெரும்பாதைகளுக்கு நீராவி எஞ்சின் கட்டுவதே நின்றது. செங்கற்பட்டு வழியாகப் போகும் பாதைக்கு அதற்கு முன்பே, 1960-களின் நடுவில், ஜப்பானிய மின்சார எஞ்சின்கள் வந்துவிட்டன.

அடுத்த வாரம் ஒய்.ஜி. நிச்சயம். அதற்கு முன்னோடியாக, யுத்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மக்ஆர்தர் எஞ்சினையும் சொல்ல வேண்டியிருப்பதால், அது இரண்டு வாரமாக நீளலாம். இதற்கிடையில் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். செங்கற்பட்டு ஜில்லாவில் இரயில்வேக்கு விறகு காண்டிராக்ட் எடுத்தவர்களின் சந்ததியார் இதைப் படிக்கக்கூடும். பரணில் அந்தக் காலத்துக் கணக்குப் புஸ்தகமோ பில்லோ இருந்தால், பழைய காகிதக்காரரிடம் போடுமுன் பத்திரிகை ஆசிரியரின் மேற்பார்வைக்கு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு டன் சவுக்குக்குக் கம்பெனி என்ன விலை கொடுத்தது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.