மூன்று அடையாளம்

மழை ஆரம்பித்துவிட்டால் போதும். நம் போபோடியில் ரயில் பாதை ஓரம், முளா நதிக்கரை, காலி மனை எங்கும் செடிகள் முளைத்துவிடும். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அவற்றில் ஒன்று நம் உடம்புக்கு ஆகாது.

எங்கள் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர், வாசலில் முளைத்த செடிகளை வெறும் கையால் பிடுங்கினார். இரண்டு நாளில் கை முழுவதும் அரிப்பு, தடிப்பு. "ஏதோ புல்தானே என்று நினைத்தேன், தம்பி" என்றார்.

அந்தச் செடியின் பெயர் பார்த்தீனியம். மராத்தியில் 'காஜர் கவத்', அதாவது கேரட் புல் என்பார்கள். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். இந்தியாவில் இது முதலில் கவனிக்கப்பட்டது நம் புனேயில்தான், 1955ஆம் ஆண்டு. பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. இதன் மகரந்தம் சிலருக்கு மூச்சிரைப்பைத் தரும். மாடு தின்றால் பால் கசக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? 'ன', 'ண' இரண்டையும் சுழியை எண்ணித்தானே பிரித்துப் படித்தோம்? செடியையும் அப்படியே படிக்கலாம்.

இலை: கேரட் இலைபோல ஆழமாகப் பிளந்திருக்கும்.

தண்டு: நிமிர்ந்து நிற்கும். நீளவாக்கில் கோடுகள் இருக்கும். மேலே பல கிளைகள் பிரியும்.

பூ: வெள்ளை நிறம். மிகச் சிறியது. கிளை நுனிகளில் நிறையப் பூக்கும். உற்றுப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும்.

மூன்றும் பொருந்தினால் அது பார்த்தீனியம். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெட்டுக்காயப் பூண்டுக்கும் சிறிய பூதான். ஆனால் அது தரையில் படரும். நீண்ட காம்பில் ஒற்றைப் பூ நிற்கும். பூவின் நடுவே மஞ்சளாக இருக்கும். இலை பிளந்திருக்காது, ஓரம் மட்டும் பல் பல்லாக இருக்கும்.

ஒரு பார்த்தீனியம் செடி 10,000 விதைகளுக்கு மேல் தரும். அதனால் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். முழுக்கைச் சட்டை போடுங்கள். கையுறை இல்லையா? பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்துமா, தோல் அரிப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

இந்த வாரம் உங்கள் தெருவில் இந்த ஒரு செடியை மட்டும் தேடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சந்தேகமா? தொடாதீர்கள். கண்ணால் மட்டும் படியுங்கள்.